மூக்கில் பெயர், வாலில் எண்

2024 மே மாதம், பப்புவா நியூகினியின் மடாங் மாகாணத்தில் காட்டுக்குள் ஒரு மலைப் பள்ளத்தில் கிடந்த விமானச் சிதைவை ஆய்வுக் குழு ஒன்று கண்டெடுத்தது. இரட்டை எஞ்சின் கொண்ட அமெரிக்கப் போர் விமானமான லாக்ஹீட் பி-38 லைட்னிங் அது. எந்த பி-38 என்பதுதான் கேள்வி. இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் தீவில் அந்த ரகம் ஏராளமாகப் பறந்தது, ஏராளமாக விழுந்தது.

தேடிப் போன விமானத்தின் பெயர் 'மார்ஜ்'. அமெரிக்க விமானிகளிலேயே அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியவர் என்று கணக்கில் நிற்கும் ரிச்சர்ட் பாங் ஓட்டிய விமானம். மூக்கில் ஒரு பெண்ணின் பெரிய படமும் அந்தப் பெயரும் இருந்ததைப் பத்திரிகைப் படங்களில் உலகமே பார்த்திருக்கிறது. ஆனால் காட்டில் அதை அடையாளம் காட்டியது அந்தப் பெயர் இல்லை. ஓர் உலோகத் துண்டில் '993' என்ற மூன்று இலக்கங்கள், இன்னொன்றில் மாடல் குறிப்பு, இறக்கை நுனியில் ஒட்டியிருந்த சிவப்புப் பெயின்ட். விமானத்தின் வரிசை எண் 42-103993. கடைசி மூன்று இலக்கம் பொருந்தியது, ரகம் பொருந்தியது, சிவப்பு நுனியும் பழைய படங்களோடு பொருந்தியது.

போர் விமானங்களில் எழுதிய பெயர்களைப் படிக்க முதல் பாடம் இதுதான். பெயர் ஆளுடையது, எண் இயந்திரத்துடையது. ஒன்று இன்னொன்றைவிட்டு எளிதாகப் பிரியும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் இந்த விஷயத்தில் இத்தனை தவறான படவிளக்கங்கள் உலவுகின்றன.

பாங் விஸ்கான்சின் மாநிலத்துப் போப்லர் என்ற சிற்றூர்க்காரர், விவசாயக் குடும்பம். 1943 இறுதியில் 21 வெற்றிகளோடு, அதாவது 21 எதிரி விமானங்களை வீழ்த்திய கணக்கோடு, விடுப்பில் ஊர் வந்தபோது, பக்கத்து நகரமான சுப்பீரியரில் ஆசிரியர் கல்லூரி விழா ஒன்றில் மார்ஜரி வாட்டண்டால் என்ற மாணவியைச் சந்தித்தார். 1944 பிப்ரவரியில் நியூகினிக்குத் திரும்பியபோது அவரிடம் மார்ஜரியின் பட்டமளிப்புப் படம் இருந்தது. புது விமானம் கைக்கு வந்ததும் அந்தப் படத்தைப் பெரிதாக்கச் செய்து, வண்ணம் ஏற்றி, மூக்கின் இடதுபுறத் தகட்டில் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசினார்கள். பக்கத்தில் 'மார்ஜ்' என்று எழுதினார்கள்.

அந்தக் காலத்து விமானங்களில் பெண் படம் என்றால் தூரிகையால் வரைந்த கவர்ச்சிப் படமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பத்திரிகையிலோ காலண்டரிலோ வந்த படத்தைப் பார்த்து வரைவார்கள். உண்மையான ஒரு பெண்ணின் நிழற்படத்தை அப்படியே ஒட்டியது அரிது. மார்ஜ் படத்தை இன்று பார்த்தாலும் அது கண்ணியமாக இருக்கிறது. வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படத்தைப் பெயர்த்து வந்து விமானத்தில் வைத்த மாதிரி.

ஒட்டியதற்கு வசதியாக இரண்டு விஷயங்கள் அமைந்தன. பி-38-இன் எஞ்சின்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகத் தனிக் கூடுகளில் இருக்கும். நடுமூக்கில் எஞ்சின் கிடையாது. நான்கு கனரக இயந்திரத் துப்பாக்கிகளும் ஒரு 20 மில்லிமீட்டர் பீரங்கியும் மட்டும் அங்கே இருந்தன. அதனால் எஞ்சின் சூடும் கசியும் எண்ணெயும் அந்தத் தகட்டைத் தொடுவதில்லை. இரண்டாவது, 1944 தொடக்கத்தில் அமெரிக்கப் படை புது விமானங்களுக்கு மறைப்பு வண்ணம் பூசுவதையே நிறுத்தியிருந்தது. பாங்குக்குக் கிடைத்தது பளபளக்கும் வெற்று அலுமினியத் தகடு. பச்சை வண்ணத்தின் சொரசொரப்பு இல்லாத வழவழப்பான பரப்பு, காகிதம் ஒட்டுவதற்கு ஏற்றது.

இந்த விமானத்தின் ஆயுள் இரண்டு மாதம்கூட இல்லை. 1944 மார்ச் 24 அன்று தாமஸ் மலோன் என்ற வேறொரு விமானி வானிலை பார்த்து வர அதை எடுத்துச் சென்றார். வழியில் எஞ்சின் பழுதானது. அவர் பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்தார். விமானம் காட்டில் விழுந்தது.

பெயர் எழுதிய விமானத்தை வேறொருவர் எப்படி ஓட்டலாம் என்று பலர் கேட்பார்கள். விமானம் அரசாங்கத்தின் சொத்து. ஒரு விமானிக்கு அது 'ஒதுக்கப்பட்டது' என்பதற்கு, அவர் பறக்கிற நாளில் முதல் உரிமை அவருக்கு என்று மட்டுமே அர்த்தம். ஒரு ஸ்குவாட்ரனில், அதாவது விமானப் படைப்பிரிவில், விமானிகள் எண்ணிக்கை எப்போதும் விமானங்களைவிட அதிகம். அவர் ஓய்வில் இருக்கும் நாளில் விமானம் ஓய்வெடுக்காது. அதேபோல அவருடைய விமானம் பராமரிப்பில் இருக்கும் நாளில் அவர் பக்கத்து விமானத்தை எடுப்பார்.

இதைவிடப் பலர் மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. அந்த விமானத்தோடு அதிக நேரம் இருந்தவர் விமானி இல்லை, தரையில் நின்ற தலைமை மெக்கானிக். விமானி நாளைக்கு நான்கைந்து மணி நேரம் அதில் உட்காருவார். மெக்கானிக் இரவெல்லாம் அதோடு கிடப்பார், ஸ்பார்க் பிளக் மாற்றுவார், விடியற்காலையில் எஞ்சினைச் சூடேற்றித் தயாராக வைத்திருப்பார். விமானி ஊர் திரும்பிய பிறகும் அதே விமானத்தை அடுத்தவருக்காகப் பார்த்துக்கொள்வார். அதனால் பல படைப்பிரிவுகளில் ஒரு வழக்கம் வந்தது. இடதுபுறம் விமானி வைக்கும் பெயர், வலதுபுறம் மெக்கானிக் வைக்கும் பெயர். விமானி இடப்பக்க இறக்கையில் ஏறித்தான் உள்ளே போவார், பத்திரிகைப் படமும் அந்தப் பக்கம்தான் எடுப்பார்கள். வலப்பக்கப் பெயர்கள் ஏன் இவ்வளவு குறைவாகப் பதிவாகியிருக்கின்றன என்பதற்கு இதுவே காரணம். விமானி அறைச் சட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் விமானி, தலைமை மெக்கானிக், உதவி மெக்கானிக், ஆயுதப் பணியாளர் பெயர்களை வரிசையாக எழுதுவதும் உண்டு.

இருவரும் ஒரே பெயருக்குள் சேர்ந்த அழகான எடுத்துக்காட்டும் இருக்கிறது. இங்கிலாந்தில் 56ஆவது போர்விமானக் குழுவில் இருந்த அமெரிக்க விமானி ராபர்ட் எஸ். ஜான்சனின் கடைசி பி-47 விமானத்தின் பெயர் 'பென்ராட் அண்ட் சாம்'. பென்ராட் என்பது அவருடைய தலைமை மெக்கானிக்கின் குடும்பப் பெயர். சாம் என்பது ஜான்சனின் நடுப்பெயரான சாமுவேல். மெக்கானிக் பெயர் முதலில் வருவதைக் கவனியுங்கள்.

தரையில் இருந்தவர்கள் விமானிக்கு என்ன செய்வார்கள் என்பதற்கு அமெரிக்க விமானி பட் ஆண்டர்சனின் 'ஓல்ட் க்ரோ' விமானம் சாட்சி. இங்கிலாந்தின் லெய்ஸ்டன் தளத்தில் 357ஆவது குழு, பி-51டி மஸ்டாங், எண் 44-14450. பச்சை வண்ணம் பூசியிருந்தது. பனிக்காலம் வந்து தரையெல்லாம் வெள்ளையானதும், மேலிருந்து பார்க்கிற எதிரிக்குப் பச்சை பளிச்சென்று தெரியுமே, நேரம் கிடைக்கும்போது வண்ணத்தை எடுத்துவிட்டால் நல்லது என்று ஆண்டர்சன் தன் பணியாளர்களிடம் சொல்லிவைத்தார். மறுநாள் காலை வந்து பார்த்தால் விமானம் வெள்ளி மாதிரி மின்னுகிறது. ஓட்டோ ஹைனோ தலைமையிலான பணியாளர்கள் இரவோடிரவாக, பெட்ரோலில் நனைத்த துணியால் தேய்த்துத் தேய்த்து முழு வண்ணத்தையும் எடுத்திருந்தார்கள். கைத்தோல் வெந்து சிவந்திருந்தது. இறக்கை அகலம் 11 மீட்டருக்கு மேல் உள்ள ஒரு விமானத்தை, கடுங்குளிரில், கையால். ஆண்டர்சன் 116 முறை போர்ப்பயணம் போனார். எஞ்சின் கோளாறு என்று ஒரு முறைகூடப் பாதியில் திரும்பியதில்லை. 'ஓல்ட் க்ரோ' என்பது ஒரு விஸ்கியின் பெயர். குடிப்பழக்கம் இல்லாத நண்பர்களிடம் மட்டும், பறவைகளிலேயே புத்திசாலியான காகத்தின் பெயர் என்று அவர் சொல்லிவந்தார்.

பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்ப்போம். பசிபிக்கில் பாங்குக்கு அடுத்த இடத்தில் 38 வெற்றிகளோடு இருந்த தாமஸ் மக்குவையர், மனைவியின் செல்லப் பெயரான 'புட்ஜி'யைத் தன் பி-38களுக்கு வைத்தார். கடைசியில் அது ஐந்தாம் புட்ஜி வரை போனது. ஐந்து என்றால் நான்கு விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய விமானம் தேய்ந்துபோயிருக்கும், புது மாடல் வந்திருக்கும், யாரோ கடன் வாங்கிப்போய்த் தரையில் மோதியிருப்பார்கள். 1945 ஜனவரி 7 அன்று பிலிப்பைன்ஸின் நெக்ரோஸ் தீவுக்கு மேல், தாழ்ந்த உயரத்தில், கூடுதல் எரிபொருள் தொட்டிகளைக் கழற்றிவிடாமலே கடுமையாகத் திரும்பியதில் விமானம் பிடிப்பிழந்து விழுந்து மக்குவையர் இறந்தார். அன்று அவர் ஓட்டியது புட்ஜி இல்லை, இரவல் விமானம்.

ராபின் ஓல்ட்ஸ் என்ற அமெரிக்க விமானி வைத்த 'ஸ்காட்' (Scat) என்ற பெயர் இன்னும் நீண்ட தூரம் போனது. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் அவருடைய அறைத்தோழருக்கு ஸ்காட் என்று பட்டப்பெயர். பார்வைக் குறைவால் அவர் விமானியாக முடியவில்லை. உன் பெயரை என் விமானங்களில் வைக்கிறேன் என்று ஓல்ட்ஸ் வாக்குக் கொடுத்தார். ஐரோப்பாவில் பி-38இல் தொடங்கி பி-51இல் ஏழாம் ஸ்காட் வரை எழுதினார். இருபது ஆண்டுக்குப் பிறகு வியட்நாம் போரில், தாய்லாந்துத் தளத்தில் அவர் ஓட்டிய எஃப்-4சி ஃபான்டமின் பெயர் இருபத்தேழாம் ஸ்காட். எண் 64-0829. 1967 மே 20 அன்று அதில் இரண்டு மிக்-17களை வீழ்த்தினார். ஓஹியோ மாநிலம் டேட்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் அந்த விமானமே நிற்கிறது.

அமெரிக்க விமானி சக் யேகர் கிளெனிஸ் என்ற பெண்ணைக் காதலித்தார், பின்பு மணந்தார். 'கிளாமரஸ் கிளென்' என்ற பெயரை மஸ்டாங்குகளுக்கு வைத்தார். முதலாவது 1944 மார்ச் 5 அன்று பிரான்சின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் ஸ்பெயின் வழியாகத் தப்பி வந்தார். மூன்றாவதை விட்டுவிட்டு அவர் ஊர் திரும்பினார். விமானம் அடுத்தவர் கைக்குப் போனதும் பெயரும் மாறியது. 1945 மார்ச் 2 அன்று அது தொலைந்தபோது அதன் மூக்கில் கிளெனிஸின் பெயர் இல்லை. ஆனால் 1947 அக்டோபர் 14 அன்று ஒலியின் வேகத்தை முதன்முதலில் தாண்டிய எக்ஸ்-1 ராக்கெட் விமானத்தில் 'கிளாமரஸ் கிளெனிஸ்' என்று எழுதியிருந்தது.

இனி பெயின்ட் விஷயம். எழுதியவர்கள் பெரும்பாலும் தளத்திலேயே இருந்த, கைத்திறன் உள்ள மெக்கானிக்குகள். இங்கிலாந்தின் டெப்டன் தளத்தில் 4ஆவது குழுவின் டான் ஆலன் அப்படிப்பட்டவர். சாக்பீஸால் கோடு போட்டு, கிடைத்த பெயின்டை வைத்துத் தூரிகையால் எழுதுவார்கள். மஞ்சளும் வெள்ளையும் சிவப்பும் கருப்பும் அதிகம் தென்படுவதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. அடையாளக் குறிகளுக்காக அந்த நிறங்கள்தான் கிடங்கில் இருந்தன.

எழுதிய பெயர் நிலைக்காமல் போகப் பல வழிகள். வெற்று அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருந்தால் பெயின்ட் பிடிக்காது, சில வாரங்களில் செதில் செதிலாக உரியும். மஸ்டாங்கில் பெயர் எழுதும் இடம் எஞ்சின் மூடித் தகடு. அதற்கு மேலேயே பக்கத்துக்கு ஆறு புகைபோக்கிக் குழாய்கள். புகையும் கரியும் எழுத்தின் மேலேயே படியும். கரியைப் பெட்ரோல் போட்டுத் துடைத்தால் எழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். எல்லாவற்றையும்விட, அந்தத் தகடு கழற்றி மாட்டக் கூடியது. நெளிந்துவிட்டால் வேறொரு விமானத்தின் தகட்டை எடுத்து மாட்டுவார்கள். ஒரே இரவில் பெயரின் பாதி காணாமல் போகும். வெள்ளி விமானத்தில் ஒரு தகடு மட்டும் பச்சையாக இருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள், அது இப்படி வந்ததுதான்.

எல்லா விமானிகளும் பெயர் வைத்தார்கள் என்பதும் சரியில்லை. ஐரோப்பாவில் 28 வெற்றிகள் பெற்ற ஃப்ரான்சிஸ் கப்ரெஸ்கியின் விமானத்தில் வெற்றிக் குறிகள் இருந்தன, பெயர் இல்லை. அமெரிக்கக் கடற்படையில் இது இன்னும் அரிது. விமானந்தாங்கிக் கப்பலில் மேல்தளத்தில் எந்த விமானம் முன்னால் நிற்கிறதோ அதில்தான் ஏற வேண்டும், தனக்கென ஒன்றை வைத்துக்கொள்ள முடியாது. விமானக் குழுத் தலைவரான டேவிட் மெக்காம்பெல்லுக்கு 'மூன்றாம் மின்சி' என்ற ஹெல்கேட் ரகப் போர் விமானம் இருந்தது அவருடைய பதவியால்.

பிரிட்டிஷ் படையில் ஆர்வத்தைக் காட்டவே வழி குறைவு. விமானத்தின் பக்கவாட்டில் ஸ்குவாட்ரனின் இரண்டு எழுத்தும் விமானத்துக்கான ஒரு எழுத்தும் இருக்கும். விங் எனப்படும் பல ஸ்குவாட்ரன்கள் சேர்ந்த அணியின் தலைவராக உயர்ந்தவர் மட்டும் அதற்குப் பதிலாகத் தன் பெயரின் முதலெழுத்துகளை எழுதலாம். டக்ளஸ் பாடரின் ஸ்பிட்ஃபயரில் டி.பி., ஜானி ஜான்சனுடையதில் ஜே.இ.ஜே. அதே படையில் வேறு வகைப் பெயர் ஒன்று பரவலாக இருந்தது, அது பணம் கொடுத்தவர் பெயர். 5,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தால் ஒரு ஸ்பிட்ஃபயரில் கொடையாளர் சொல்லும் பெயரை எழுதுவார்கள். நகரங்கள், சமஸ்தானங்கள், தோட்டக் கம்பெனிகள் என்று பேரரசு முழுவதிலிருந்தும் பணம் போனது. பெருந்தொகை கொடுத்தால் ஸ்குவாட்ரனுக்கே பெயர். 79, 234, 264 ஆகிய மூன்று பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று இருப்பது நம் சென்னை மாகாணத்தின் நன்கொடையால்தான்.

சோவியத் யூனியனில் கொடையாளர் பெயர் நேராகவே விமானிக்குக் கடிதம் எழுதிய மாதிரி இருக்கும். சரத்தோவ் பகுதியில் தேனீ வளர்த்த கூட்டுப்பண்ணை விவசாயி ஃபெராபோன்ட் கோலவாத்தி, 1942 டிசம்பரில் 1,00,000 ரூபிள் கொடுத்து ஒரு யாக்-1 போர் விமானம் வாங்கினார். ஸ்டாலின்கிராட் முனையின் விமானி யெரியோமினுக்குக் கூட்டுப்பண்ணை விவசாயி தோழர் கோலவாத்தி வழங்கியது என்ற வாசகம் அதன் பக்கவாட்டில் எழுதப்பட்டது. 1944இல் அதே விவசாயி அதே விமானிக்கு இன்னொன்றும் வாங்கிக் கொடுத்தார். ஜெர்மனியின் எரிக் ஹார்ட்மன், தன் மெஸ்ஸர்ஷ்மிட்டில் அம்பு பாய்ந்த இதயம் வரைந்து 'உஷ்' என்று எழுதினார். மனைவியாகப் போகிற உர்சுலாவின் செல்லப் பெயர் அது.

பழைய படத்தை வைத்து இது எந்த விமானம் என்று தீர்மானிக்க வேண்டுமானால், முதலில் வால் எண்ணைப் பாருங்கள். அமெரிக்க வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் கொள்முதல் ஆணை சேர்ந்த நிதியாண்டு. வாலில் எழுதும்போது ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிடுவார்கள். 42-103993 என்பது வாலில் 2103993 ஆகும், 44-14450 என்பது 414450 ஆகும். வால் தெரியாவிட்டால் வேறு தடயங்கள். உடம்பிலும் இறக்கையிலும் கருப்பு வெள்ளைப் பட்டைகள் இருந்தால் 1944 ஜூன் நார்மண்டி தரையிறக்கத்துக்குப் பிந்தையது. மேல்பக்கம் அழித்துக் கீழே மட்டும் பட்டை இருந்தால் அதற்கும் பிந்தையது. வெற்றிக் குறிகளை எண்ணலாம், ஆனால் எச்சரிக்கையோடு. உறுதிப்படுத்தல் தாமதமாக வரும், அதிகாரப்பூர்வக் கணக்கும் தகட்டில் இருக்கும் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கருப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை ஊகிப்பது மிக ஆபத்து. அன்றைய ஒருவகைப் படச்சுருளுக்குச் சிவப்பு தெரியாது, சிவப்பு எழுத்து படத்தில் கருப்பாக விழும். மாதிரி விமானம் செய்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

இந்தக் கண்ணோடு பாங்கின் கதைக்குத் திரும்பினால் தேதிகள் வேறு மாதிரி பேசுகின்றன. முதல் உலகப் போரில் எடி ரிக்கன்பேக்கர் வைத்த 26 வெற்றி என்ற அமெரிக்கச் சாதனையைப் பாங் முறியடித்தது 1944 ஏப்ரல் 12 அன்று. 42-103993 விழுந்து அப்போது ஏறக்குறைய மூன்று வாரம் ஆகியிருந்தது. சாதனை முறியடித்த விமானம் என்று அந்தப் புகழ்பெற்ற மார்ஜ் படத்தைப் போடுவது தவறு. டிசம்பரில் 40ஆவது வெற்றியோடு அவரைப் போரிலிருந்து விலக்கி ஊருக்கு அனுப்பினார்கள். 1945 பிப்ரவரி 10 அன்று மார்ஜரியை மணந்தார். ஆகஸ்ட் 6 அன்று கலிஃபோர்னியாவின் பர்பாங்கில் புது ஜெட் விமானமான பி-80ஐச் சோதித்துப் பறந்தபோது, மேலெழும் நேரத்தில் எரிபொருள் பம்ப் நின்றது. துணைப் பம்ப்பை இயக்கி வைத்திருக்கவில்லை. தாழ்ந்த உயரத்தில் குதித்தார், பிழைக்கவில்லை. வயது 24. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அதே நாள்.

சுப்பீரியர் நகரில் அவர் பெயரில் உள்ள மையத்தில் இன்று ஒரு பி-38 நிற்கிறது. மூக்கில் மார்ஜின் படம், பக்கத்தில் பெயர், சிவப்பு நுனிகள், எல்லாம் சரியாக இருக்கின்றன. அதன் உண்மையான எண் 44-53236. பல ஆண்டுகள் போப்லரில் வெயிலிலும் பனியிலும் நின்றுவிட்டு, சீரமைக்கப்பட்டு மார்ஜின் வேடம் போட்டுக்கொண்ட பின்னாளைய விமானம். 993 இன்னும் மடாங் காட்டில்தான் கிடக்கிறது.